கொட்டுக்காரன் இல்லாத படை

1979 ஜனவரி 9, செவ்வாய்

வாடைக் காற்று. விடியக்காலம் நல்ல பனி. தொண்டை கட்டிவிட்டது. ஆபீசில் நான் பேசி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் நஷ்டம் இல்லை.

பொம்மை எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு அடித்தேன். கப்பலானாலும் கிராதியானாலும் முதலில் அதைத்தானே அடிக்கிறார்கள். அடித்து முடித்துப் பார்த்தால் ஒன்றுக்கும் மூஞ்சி இல்லை. மூக்கு, பல், விரல் எல்லாம் பெயின்டில் முங்கிப்போச்சு. பத்தொன்பதும் செங்கல் துண்டு மாதிரி நிற்கிறது. கூறு கெட்டவன் கையில் கொடுத்தால் இப்படித்தான்.

எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகும். டிசம்பரில் உரக் கப்பல் வந்தது. மழை. மழையில் உரம் இறக்க முடியாது, நாலு நாள் சும்மா கட்டிக் கிடந்தது. ஏஜென்ட் ஆபீசிலிருந்து தினம் பேப்பரைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறுகிறவன் நான். செகண்ட் மேட், கப்பல் ஆபீசர்களில் ஒருத்தன், வெள்ளைக்காரன், முப்பது வயசு இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஈயப் பொம்மைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒற்றையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொன்றும் ஒரு இஞ்சு உயரம். ஒரு பக்கம் குதிரை வீரர்கள். மறுபக்கம் பல்லும் நகமுமாகப் பூதகணம். அவன் ஊரில் இது இப்போது ஒரு விளையாட்டாம். புத்தகத்தை அடுக்கினால் மலை, கயிற்றைப் போட்டால் ஆறு. அடிஸ்கேலால் அளந்து படையை நகர்த்தணும், தாயக்கட்டை உருட்டிச் சண்டை. "உட்காரும், எனக்கு ஆள் இல்லை" என்றான். உட்கார்ந்தேன். நாலு நாளும் ஆடினோம். பூதகணம் எனக்கு. நாலு நாளும் தோற்றேன்.

விளையாட வாரியா என்று என்னை ஒருத்தன் கேட்டு முப்பது வருஷம் இருக்கும்.

ஒரு தடவை பிள்ளைகள் உண்டா என்றான். இல்லை என்றேன். கட்டையை உருட்டினான். அவ்வளவுதான். கல்யாணமாகி எத்தனை வருஷம், எந்த டாக்டர், எந்தக் கோவிலில் நேர்ந்தீர்கள், ஒரு கேள்வி இல்லை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போனது.

போகும்போது பூதகணத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் கையில் தந்தான். "உம்ம படைக்கு நீர் பெயின்ட் அடியும், என் படைக்கு நான் அடிக்கிறேன். மார்ச்சில் திரும்ப வருவோம், அப்போது ஆடலாம்." பல்லன்கள் பதினெட்டு, கொட்டுக்காரன் ஒன்று. கொட்டுக்காரனுக்குப் பல் இல்லை. குள்ளன், மொட்டைத்தலை, உப்பின கன்னம், உருண்டையான கொட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். அவன் நின்றால்தான் படை நிற்கும். அவன் போனால் பதினெட்டும் ஓடிவிடும், அதுதான் ஆட்டத்தின் சட்டம்.

அமலி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இத என்ன செய்யப் போறீங்க?"

"பெயின்ட் அடிக்கணும்."

"அடிச்சு?"

பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினவளிடம் "விளையாடணும்" என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. தையல் மிஷினுக்குப் போய்விட்டாள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ கவுன்.

ஜனவரி 12, வெள்ளி

பனி. தொண்டை தேவலை.

பெயின்ட் ரிமூவரில் ஊறப்போட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கை எரிச்சல். பல்லன்களுக்கு மூஞ்சி திரும்ப வந்தது. பழைய பிரஷ் என்று நினைத்து எடுத்தது அமலியுடையது. காலையில் வேப்பங்குச்சியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்க வேண்டியது:
பொடிப் பிரஷ், அணில் முடி.
டர்பன்டைன்.
எனாமல் சின்ன டின், பச்சை கறுப்பு வெள்ளை.
அமலிக்குப் பல் பிரஷ்.

மத்தியானம் பெரிய கிளார்க் பொன்னுச்சாமி அண்ணாச்சி என் பையில் பெயின்ட் டின்னைப் பார்த்துவிட்டார். "என்ன வே கஸ்பார், தோணி வாங்கிட்டீரா?" மடையன் மாதிரி உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். "ஏலே, கேட்டியளா, நம்ம கஸ்பார் கொலு வைக்கப் போறாராம்." ஆபீஸ் மொத்தமும் சிரிப்பு. சுண்டல் எப்பம் தருவீர் என்று பியூன் வரைக்கும் கேட்டாச்சு. இருபது வருஷமாக அந்த ஆபீசில் நான் சொன்ன எதற்கும் இவ்வளவு பேர் தலையைத் தூக்கினதில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். தெருக்கோடியில் பொங்கல் பானைகள், ஒரே புகை. கரும்பு ஒரு துண்டு வந்தது. எனக்குப் பல் வலி, அமலி தின்றாள்.

முதல் பல்லன் முடிந்தான். பச்சை. கற்றுக்கொண்டது: டின்னிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கக் கூடாது. டர்பன்டைன் விட்டு மோர் பதத்துக்குக் கரைக்கணும். கையில் பிடித்து அடித்தால் கையெல்லாம் பச்சை, எரிந்து மிஞ்சின மெழுகுதிரிக் கட்டையில் ஒட்டி வைத்துப் பிடிக்கணும். பல்லுக்கு வெள்ளை கடைசியில்.

கண்தான் உயிரை எடுக்கிறது. கடுகில் பாதி இடம். அதற்குள் வெள்ளை, அதற்குள் கறுப்புப் புள்ளி. மூச்சை அடக்கி வைத்தேன். ஒரு கண் வானத்தைப் பார்க்கிறது, ஒரு கண் பூமியைப் பார்க்கிறது. அழித்து வைத்தேன். இப்போது ரெண்டும் மூக்கைப் பார்க்கிறது. அப்படியே இருந்துவிட்டுப் போ என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, சனி

அரை நாள் ஆபீஸ். வெயில் ஏறிவிட்டது.

பல்லன் ஆறு முடிந்தது. ஆறும் மாறுகண். இன்று கொட்டுக்காரன். இவனுக்குத் தோல் நிறம் கேட்டால் பெயின்ட் கடை அண்ணாச்சி, "மாதா சுரூபத்துக்கு முகம் அடிக்க வாங்கிட்டுப் போவாங்கள்ளா, அந்த ரோஸ்தான் இருக்கு" என்றார். சரி தாரும் என்றேன். அடித்தேன். மொட்டைத்தலை, உப்பின கன்னம், ரோஸ் நிறம், மினுமினு என்று. கண்ணுக்குப் பிரஷ் வேலைக்காகாது, அமலியின் கை ஊசி முனையால் தொட்டு வைத்தேன். இடது கண் நேர். வலது கொஞ்சம் உள்ளே ஒதுங்கிவிட்டது. இருந்தாலும் இதுவரைக்கும் அடித்ததில் இதுதான் ஒப்பேறியிருக்கிறது.

அமலி ஊசியைத் திருப்பி வாங்க வந்தவள் நின்றாள். மெழுகுதிரிக் கட்டையோடு கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சம்மனசு மாதிரி இருக்கு. றெக்கைதான் இல்ல."

இந்த டப்பா வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. மனசுக்குள் சந்தோஷம். ஊசியைத் துடைத்துக் கொடுக்கலையே என்று அடுத்த வார்த்தை.

ஏழு பொம்மையையும் ஜன்னல் திண்டில் காயவைத்திருக்கிறேன். அங்கேதான் காற்று.

ஜனவரி 23, செவ்வாய்

பக்கத்து வீட்டு செசிலி அக்கா ஜன்னலோரம் நின்று பொம்மைகளைப் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"ஏளா அமலி, எங்கிட்டகூடச் சொல்லல பாத்தியா?"

"என்னத்தக்கா?"

"மறைக்காதளா. பொம்மை எல்லாம் தயாராவுது. எத்தன மாசம்?"

விளக்குமாற்றை மூலையில் சாத்துகிற சத்தம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அவுக விளையாடுதாவ."

செசிலி அக்கா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "நல்லா சொன்னா பாரு. தம்பி விளையாடுதாவளாம். மொத மூணு மாசம் சொல்லக் கூடாதுன்னு நெனைக்கா போல. சரி சரி, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்க மாட்டாளாம். சாயங்காலத்துக்குள் தண்ணிக் குழாய் வரை போயிருக்கும்.

ஜனவரி 26, வெள்ளி

லீவு. கொடியேற்றம் என்று காலையில் மைக் செட் அலறல்.

எட்டாவது பல்லன். கையில் ஈட்டி வைத்திருக்கிறவன். ஆச்சரியம், ரெண்டு கண்ணும் நேராக வந்துவிட்டது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பச் செய் என்றால் வராது.

சாளை மீன் கேட்ட அமலிக்கு மீன்காரி பால்சுறா போட்டிருக்கிறாள். துட்டு வேண்டாம் என்றாளாம். "பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும், இப்பமே தின்னு பழகு தாயி." அமலி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். நாலு பொம்பளைகள் நடுவில் எத்தனை தடவை சொல்ல. கொண்டுவந்து புட்டு பண்ணினாள். சாப்பிட்டோம். ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சொன்னாள். "பொம்மைய ஜன்னல்லேருந்து எடுத்து உள்ள வைங்க."

"உள்ள காத்து இல்ல. பெயின்ட் காயாது."

"எல்லாரும் கேக்குதாங்க."

"இல்லன்னு சொல்லு."

"பதினோரு வருஷமா அதத்தான் சொல்லுதேன்."

எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஊர்க்காரி வாய்க்குப் பயந்து என் வீட்டு ஜன்னலை நான் மூடணுமா? அப்படிக் கேட்டேன். இப்போது எழுதும்போதும் அதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. அவள் முகத்தை நினைத்தால் தோன்றவில்லை.

பிப்ரவரி 3, சனி

ஆபீசுக்கே வந்துவிட்டது. பொன்னுச்சாமி அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரிக்காமல், உண்மையாக. "சந்தோஷம் வே. எங்க வீட்டுல சொன்னா. கொலுன்னு கேலி பண்ணினத மனசுல வச்சுக்கிடாதீரும்." மேசையில் ஒரு பொட்டலம் லட்டு. இல்லை அண்ணாச்சி, அது தப்பான பேச்சு என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். லட்டைத் திருப்பி எடுக்கவும் முடியாமல், வைத்துவிட்டுப் போகவும் முடியாமல். கடைசியில் ஆபீசில் பங்கு வைத்துத் தின்றோம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கேலி பண்ணினபோது இவ்வளவு வலிக்கவில்லை.

நாளைக்கு ஆலந்தலையில் அமலியின் தம்பி பிள்ளைக்கு ஞானஸ்நானம். அமலிதான் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் என்று முதலில் பேச்சு. இப்போது வேறு யாரையோ நிறுத்துகிறார்களாம். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், ராசி பார்க்கிறார்கள். கிறிஸ்தவர்கள்தான், இருந்தாலும் பார்ப்பார்கள்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வந்தால் ஆளுக்கு ஆள் கேட்பான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

அமலி விடியக்காலம் பஸ். தனியாக. கையில் சின்ன பை.

நான் நாள் முழுக்கப் பெயின்ட். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கறுப்பைத் தண்ணியாகக் கரைத்துப் பூசித் துடைத்தால் பல் இடுக்கில் தங்கிப் பல் எடுப்பாகத் தெரிகிறது. தானாகக் கண்டுபிடித்தேன். சொல்ல ஆள் இல்லை. மேட் வந்தால் சொல்லணும்.

ராத்திரி வந்தாள். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டேன். "பிள்ளை ஜாடை" என்றாள்.

பிப்ரவரி 8, வியாழன்

கொட்டுக்காரனைக் காணோம்.

காய்ந்தபிறகு துணியில் சுற்றி டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். துணி இருக்கிறது. அவன் இல்லை. கட்டிலுக்கடியில், அலமாரியில், மிஷின் பெட்டியில், அரிசிப் பானையில்கூடக் கை விட்டுப் பார்த்தேன். அமலி கவுனுக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். தலையைத் தூக்கவில்லை.

"கொட்டுக்காரன நீ பாத்தியா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தூக்கி எறிஞ்சிட்டியா?"

"எறியல."

"அப்ப எங்க?"

துணியை மிஷினுக்குள் தள்ளினாள். மிஷின் ஓடுகிறது. அந்தச் சத்தம் என்னைச் சீண்டிவிட்டது. இன்னும் ஒரு மாசத்தில் கப்பல் வரும். கொட்டுக்காரன் இல்லாமல் எந்த முகத்தோடு அவன் முன்னால் உட்காருவேன். ஒருத்தன் நம்பிக் கொடுத்த பொருள். கத்தினேன். கத்திக்கொண்டே வந்ததில் ஒரு வார்த்தை.

"ஒன்கிட்ட ஒண்ணு தங்குமா? ஒண்ணையாவது வச்சுக் காப்பாத்தி இருக்கியா நீ?"

பொம்மையைப் பற்றித்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே கேட்டது. எங்களுக்கு ரெண்டு கலைந்திருக்கிறது. ரெண்டும் நாலாம் மாசம்.

மிஷின் நின்றது. துணியை மடித்து வைத்தாள், ஊசியைக் குத்தி வைத்தாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை.

என் நாக்கில் புழுதான் விழணும்.

பிப்ரவரி 9, வெள்ளி

எழுந்தபோது இல்லை. சோறு வடித்து மூடி வைத்திருக்கிறது. துவையல். பெரிய பை இல்லை. தம்பி வீட்டுக்கு, ஆலந்தலைக்கு.

பிப்ரவரி 13, செவ்வாய்

சோறு குழைந்துபோகிறது. நேற்றும் இன்றும்.

பல்லன் பதினைந்து. கொட்டுக்காரனைத் தேடுவதை விட்டுவிட்டேன். எதற்கு அடிக்கிறேன் என்று தெரியாமல் அடிக்கிறேன். வீட்டில் மிஷின் சத்தம் இல்லாததால் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் அலசும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

செசிலி அக்கா ஒரு கிண்ணம் குழம்போடு வந்தாள். "அமலிய அங்கன அனுப்பிட்டியளா தம்பி? நல்லது. மொதல்ல ரெண்டு தடவ இங்கன கெடந்து அலைஞ்சுதான் அப்படியாப்போச்சு. இந்தத் தடவ பத்திரமாப் பாத்துக்கிடட்டும்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாக்கா" என்று வந்துவிட்டது.

"எல்லாம் நல்லபடியா நடக்கும். மாதா இருக்கா."

"ஆமாக்கா."

அவள் போனபிறகு கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. திரும்பி வருகிறவள் இந்தத் தெருவில்தானே நடக்கணும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதினெட்டும் முடிந்தது. கப்பல் மார்ச் முதல் வாரம் என்று ஆபீசில் தந்தி. சந்தோஷப்படணும் என்று நினைத்தேன், வரவில்லை.

அமலியிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை. என்னவென்று எழுத.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆலந்தலை போனேன். திருச்செந்தூரில் இறங்கி மிச்சத்துக்கு நடை. நல்ல வெயில், மணல் சுட்டது.

வீட்டில் தம்பி பெண்சாதி மட்டும். தோளில் பிள்ளை. "மயினி கெபிக்குப் போயிருக்காவ" என்றாள். கடற்கரையில் சின்ன மாதா கெபி ஒன்று உண்டு, கல்லால் குகை மாதிரிக் கட்டினது. போனேன். அவள் அதற்குள் வேறு வழியாகத் திரும்பிவிட்டாள் போல, ஆள் இல்லை. வந்ததற்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லலாம் என்று நின்றேன்.

மாதா காலடியில் காணிக்கைத் தட்டு. வெள்ளித் தகட்டில் கை, கால், கண். சின்னச் சின்ன மரத் தொட்டில். தகட்டில் அடித்த பிள்ளை உருக்கள். நடுவில் கொட்டுக்காரன்.

வெள்ளைக் கவுன் போட்டிருக்கிறான். ஒரு இஞ்சுப் பொம்மைக்குக் கவுன், கழுத்தில் கொசுவம், கையில் பூப்பின்னல். கொட்டு கவுனுக்குள் போய்விட்டதால் வெறும் பிள்ளை. மொட்டைத்தலை, ரோஸ் கன்னம். வலது கண் மட்டும் உள்ளே ஒதுங்கி. என் கை வேலையை எனக்குத் தெரியாதா. ஞானஸ்நானத்துக்கு வந்த அன்று கொண்டுவந்திருக்கிறாள். தன்னை ஞானத்தாயாக வைக்காத அன்று.

எடுத்தேன். உண்மையாக எடுத்தேன், எழுதாமல் விட்டால் பொய். கப்பல் வருகிறது, படை ஓடிவிடும், அது நினைப்பில் வந்தது. பின்னால் ஒரு கிழவி, "ஏ தம்பி, காணிக்கைல கை வைக்காத, ஆகாது" என்று போட்டாள் ஒரு சத்தம். வைத்துவிட்டேன். கவுனை நேராக இழுத்துவிட்டு வைத்தேன்.

வீட்டு வாசலில் அமலி நின்றிருந்தாள். மன்னிச்சிரு என்று சொல்ல பஸ்ஸில் வரும்போதெல்லாம் பழகி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"சோறு குழைஞ்சு குழைஞ்சு போவுது."

"தண்ணியக் கொறச்சு வைங்க" என்றாள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள்.

"கெபிக்குப் போனேன்" என்றேன்.

"எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

அதையும் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். "செசிலி அக்கா கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எத்தன மாசம்னு சொன்னீங்க?"

"அது கேக்கல."

வெளியே உப்பளம் வரும்வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அழுதாளா தெரியாது. நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 28, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல். ஒருசந்தி நோன்பு, மத்தியானம் மட்டும் கஞ்சி.

செசிலி அக்கா அமலியின் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். மூணாவதும் போச்சு என்று நினைத்திருப்பாள். அன்றைக்குக் குழம்பு கொண்டுவந்த கிண்ணத்தை அமலி கழுவித் திருப்பிக் கொடுத்தாள், உள்ளே கொஞ்சம் சீனி போட்டு.

மேட்டிடம் கொட்டுக்காரன் தொலைந்துவிட்டான் என்று சொல்வதாக முடிவு. அவன் இல்லாமல் ஆடினால் என் படை முதல் உருட்டிலேயே ஓடும். ஓடட்டும். இருந்தபோது மட்டும் ஜெயித்தேனா. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும்.

மார்ச் 6, செவ்வாய்

காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி.

கப்பலைத் துறைமுகத்தில் கட்டினார்கள். டப்பாவை வேட்டித் துணியில் சுற்றிப் பேப்பர் கட்டோடு எடுத்துக்கொண்டு ஏறினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, சின்னப் பிள்ளைபோல. செகண்ட் மேட் அறைக்கதவைத் தட்டினால் வேறு ஒருத்தன். தாடி. என்ன வேண்டும் என்றான்.

கப்பலில் சாப்பாட்டைக் கவனிக்கிற ஸ்டூவர்ட் கோவாக்காரர், அவருக்கு என்னைத் தெரியும். படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார். பழைய மேட் இறங்கிவிட்டாராம். போன மாசம் பெண்சாதிக்குக் குழந்தை. ஆண் பிள்ளை. கரையிலேயே வேலை தேடிக்கொண்டார். "உங்களைச் சொன்னார். பொம்மையை நீங்களே வைத்துக்கொள்ளலாமாம். இனிமேல் அவருக்குப் பொம்மையோடு விளையாட நேரம் ஏது, நிஜப் பொம்மை வந்துவிட்டதே." சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு நேரம் இருக்கிறது என்று அவனுக்கு எவன் சொன்னான்?

வரும் வழியெல்லாம் அந்த நாலு நாளைத் திருப்பித் திருப்பி ஓட்டினேன். டிசம்பரில் அவன் பெண்சாதிக்கு ஏழு மாசம் இருந்திருக்கும். நாலு நாள் எதிரே உட்கார்ந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டது, தன் சங்கதியைச் சொல்வதற்குத்தான். இல்லை என்றேன், கட்டையை உருட்டிவிட்டான். நான் அதை மரியாதை என்று நினைத்துக் கொண்டாடினேன். இரக்கம். என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான். செசிலி அக்காவும் மீன்காரியும் செய்ததையே வாயைத் திறக்காமல் செய்திருக்கிறான். நாலு நாளும் நான் அழகாகத் தோற்றேன். வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து அமலியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மிஷினை நிறுத்திக் கேட்டாள். ஆண் பிள்ளை என்றதும் கையைத் தட்டிச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"மாதாவக் குத்தம் சொல்ல முடியாது. பொம்மை அவரோடதுதானே? யார் பொம்மையோ அவுக வீட்டுக்குத்தான குடுப்பா."

நாலாம் தேதி வைத்த பொம்மைக்கு அதே மாசம் பிள்ளை பிறக்குமா, டிசம்பரிலேயே அங்கே ஏழு மாசம் என்று சொல்லலாம். சொல்லவில்லை. கணக்குச் சொல்லி அவளுக்கு ஆகப்போவது என்ன.

கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சம் இருக்கது இப்ப நம்மளுதுதானே?" என்றாள்.

"ஆமா."

"திருப்பிக் கேக்க மாட்டாரே?"

"மாட்டான்."

"அப்ப ஒண்ணு எடுங்க. நம்ம பேர்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டப்பாவைக் கவிழ்த்தேன். பதினெட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு விழுந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் மாறுகண். எட்டாவது, ஈட்டிக்காரனை எடுத்து வைத்தாள். "இது கண்ணு நேரா இருக்கு."

"ஈட்டி இருக்கே."

"ஒடிச்சிருங்க."

"பச்சை."

"ரோஸ் டின்னு காலியா?"

"காலி இல்ல. பல்லு?"

"பல்ல நல்லா மூடிருங்க."

ஈட்டியை ஒடித்தேன். ஈயம், சத்தம்கூட வரவில்லை.

மார்ச் 8, வியாழன்

வெயில். கொண்டல் காற்று ஆரம்பம்.

ரோஸ் ரெண்டு கோட் கரைத்து அடித்தும் பல் தெரிகிறது. கறுப்புப் பூசிப் பல்லை எடுப்பாகக் காட்டினேனே, அந்த வினை. மூணாவது கோட் டின்னிலிருந்து எடுத்து அப்படியே, தடியாக, முதல் நாள் ரெட் ஆக்சைடு அடித்த மாதிரி. முங்கிவிட்டது. பல் இல்லை, மூக்கும் இல்லை. கண்ணை மட்டும் திரும்ப வைக்கணும், அமலியின் ஊசியால்.

கவுனுக்கு அளவெடுத்துவிட்டாள். காய எங்கே வைக்க என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொண்டு போய் ஜன்னலில் அவளே வைத்தாள்.